பொடக்காளியில் ஒரு காட்டுப் பாத்தி

காங்கயத்துக்கு வெளியே, தாராபுரம் ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் இருக்கும் பொடக்காளி இருபதடிக்கு முப்பதடி. துணி துவைக்கும் கல், ஒரு வேம்பு, ஒரு முருங்கை, தண்ணீர் போகும் ஓரத்தில் இரண்டு வாழை. மீதி இடம் பல வருடமாகச் சும்மா கிடந்தது. இப்போது அங்கே மூன்று கால் நாய் ஒன்றுக்கு ஒரு வீடும், தும்பையும் பூளையும் ஆவாரையும் எருக்கும் கலந்து வளரும் ஒரு பாத்தியும் இருக்கின்றன. காலையில் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வராவிட்டால் எனக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரியே இருப்பதில்லை.

இரண்டையும் எப்படிச் செய்தேன் என்று சிலர் கேட்டார்கள். செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் நாய். எங்கள் ஊரில் தேங்காய்க் களங்கள் நிறைய. உடைத்த தேங்காயைக் காயப் போட்டுக் கொப்பரை எடுக்கும் அந்தக் களங்களைச் சுற்றி நாய்கள் எப்போதும் இருக்கும். அப்படி ஒரு களத்தின் ஓரத்தில் கிடந்தவள்தான் செவலை. லாரி ஏறிப் பின்னங்கால் நசுங்கியிருந்தது, புழுவும் வைத்துவிட்டது. பக்கத்தில் போனால் பல்லைக் காட்டினாள். வலியில் இருக்கும் நாய் கடிக்கத்தான் செய்யும், அது அதன் குணம் அல்ல. அதனால் மூக்கைச் சுற்றிக் கட்டுத்துணியால் ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போட்ட பிறகுதான் தூக்க வேண்டும். மூச்சு விட முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கு வாயைக் கட்டக் கூடாது.

தெருநாயைத் தொட்டுத் தூக்கும் வேலையில் இறங்குகிறவர்கள் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. கடிபட்டால், நகம் கீறினாலும்கூட, குழாயைத் திறந்து விட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அங்கே தோலுக்குள் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு வைத்துப் போடுவார்கள். காயம் ஆழம் என்றால் காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்துவார்கள். வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

1962 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பெரும்பாலும் ஆடுமாடுகளுக்கான வசதி அது. எங்களுக்கு டாக்டர் இருக்கும் இடம் பக்கம் என்பதால், ஆட்டோவில் கோணிச்சாக்கு விரித்துக் கொண்டுபோய்விட்டோம். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேலேயே எடுத்துடலாமுங்க. பாதியில விட்டம்னா அந்தக் கட்டை தரையில இடிச்சு இடிச்சு மறுபடியும் புண்ணாயிரும்" என்றார். தொடையின் மேல்பகுதியோடு எடுத்தார்கள். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. இப்போது ஓடும்போது இடறுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு கட்ட வேண்டும். கடையில் வாங்கியது அவளுக்கு நிற்கவில்லை. வீட்டில் பெயிண்ட் அடித்து மிஞ்சிய பத்து லிட்டர் வாளி ஒன்று இருந்தது. நன்றாகக் கழுவி, அடிப்பகுதியில் கழுத்தளவைவிட இரண்டு விரல் அதிகமாக வட்டம் வெட்டினேன். வெட்டிய விளிம்பு கழுத்தை அறுக்கும். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் பிளந்து அந்த விளிம்பில் மாட்டி, ஊசி நூலால் பிடித்துவிட்டேன். நான்கு ஓட்டை போட்டுக் கழுத்துப் பட்டையோடு கட்டியாயிற்று. வாளியின் வாய் மூக்கைத் தாண்டி இரண்டு மூன்று விரற்கடை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு எட்டிவிடும். சாப்பிடும்போது மட்டும் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, முடிந்ததும் மறுபடி மாட்ட வேண்டும். தையல் பிரிக்கும் வரை இதுதான் வேலை.

காயம் ஆறித் தெம்பு வந்த பிறகு கருத்தடையும் வெறிநோய் ஊசியும் ஆயிற்று. காதில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். கருத்தடை ஆன நாய் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அவளுக்கு வீடு கட்டியதில் நான் ரொம்ப யோசித்தது காற்றைப் பற்றி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாசத்தில் எங்கள் பக்கம் அடிக்கும் மேல்காற்று ஆளையே தள்ளும். இந்த வட்டாரமெல்லாம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அதுதான். ஆகவே வாசல் மேற்கே பார்க்கக் கூடாது. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து வருகிறது, எனவே அந்தப் பக்கமும் கூடாது. தெற்குப் பார்த்த வாசல்தான் சரி. தரையிலிருந்து ஓர் ஹாலோ பிளாக் உயரத்துக்குத் தூக்கி, மேலே பழைய பலகை. நீளம் நான்கடி, அகலம் மூன்றடி. மூன்று பக்கமும் பலகைச் சுவர், மேலே பிரித்த வீட்டிலிருந்து கொண்டு வந்த நாட்டு ஓடு. தகரம் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது. மூன்று காலில் ஏற வேண்டும் என்பதால் படிக்குப் பதில் சாய்வுப் பலகை, அதன் மேல் தேங்காய் நார் மிதியடியை ஆணியடித்துவிட்டேன். வீட்டுக்குள் டைல்ஸ் தரையிலும் அவள் நடக்கும் வழியில் சாக்கு விரித்து வைத்திருக்கிறோம். வழுக்கினால் இருக்கும் ஒரு பின்னங்காலின் முட்டி போய்விடும். அதே காரணத்துக்காக அவளைக் குண்டாக விடுவதில்லை. என் மாமியார் மட்டும் இட்லியைப் பிட்டுப் பிட்டுப் போட்டுக்கொண்டே இருப்பார்.

அப்புறம் பாத்தி.

காட்டுப்பூ வளர்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு மாமாவின் கொரங்காட்டிலிருந்து வந்தது. கொரங்காடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் மேய்ச்சல் நிலம் அது. காங்கயம் மாடுகள் வளர்ந்தது அந்தப் புல்லில்தான். மழை பெய்த பிறகு அங்கே போனால் புல்லுக்கு நடுவே விஷ்ணுகிரந்தியின் நீலப்பூ தரையோடு தரையாகப் பூத்திருக்கும். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அந்த நிலங்களில் பல இப்போது மனைகளாகிவிட்டன. என் பொடக்காளியில் கொரங்காட்டைக் கொண்டு வர முடியாது. ஆனால் அதன் பூக்களில் சிலதுக்காவது இருபதடிக்குப் பன்னிரண்டடி இடம் கொடுக்க முடியும் இல்லையா?

விதை வாங்கக் கடைக்குப் போகவில்லை. தை, மாசியில் செடிகள் காயும்போது மாமாவின் காட்டிலும் ரோட்டோரத்திலும் சேகரித்தேன். தும்பைக்குக் காய்ந்த பூக்கொத்தைப் பறித்துத் தாளின் மேல் தலைகீழாகத் தட்டினால் கருத்த பொடி விதை கொட்டும். பூளைக்கு வெள்ளைக் கதிரை அப்படியே உருவி, உள்ளங்கையில் கசக்கி ஊதினால் மினுமினுப்பான கறுப்பு விதை மிஞ்சும். ஆவாரை நெற்று பட்டையாகக் காகிதம் போல இருக்கும், உரித்தெடுக்க வேண்டும். சங்குப்பூ நெற்று வெயிலில் தானே முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும், ஆகையால் பழுப்பாகும்போதே பறித்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பெயரும் எடுத்த இடமும் எழுதி வைத்தேன். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

நிலத்தைத் தயார் செய்வதில் எல்லோரும் முதலில் செய்வது எரு போடுவது. இதற்கு அது வேண்டவே வேண்டாம். இந்தச் செடிகள் மெலிந்த மண்ணில் வாழப் பழகியவை. எரு போட்டால் புல்லும் கீரையும்தான் கொழுத்து மேலே ஏறும், தும்பை அடியில் மறைந்துபோகும். நான் செய்ததெல்லாம் கல், கண்ணாடித் துண்டு, சீமைக் கருவேலக் கன்று, பார்த்தீனியம் இவற்றை எடுத்ததுதான். பார்த்தீனியம் 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்ட செடி, இன்று இல்லாத ஊர் இல்லை. பூப்பதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு மாதக்கணக்கில் போகாது. அதன் மகரந்தம் மூச்சுக்கும் ஆகாது. வெட்டுக்காயப் பூண்டும் வெளியிலிருந்து வந்ததுதான், அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதை மட்டும் ஓரத்தில் கொஞ்சம் விட்டு வைத்திருக்கிறேன். நீண்ட காம்பின் நுனியில் ஆடும் அந்தச் சின்ன மஞ்சள் பூவில் வண்ணத்துப்பூச்சி உட்காராத காலை நேரம் இல்லை.

ஆவாரை, சங்குப்பூ விதைகளுக்குத் தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி ஊற வைத்தால் காலையில் உப்பியிருக்கும். உப்பாததை எடுத்து மறுபடி தேய்த்து ஊற வைக்கலாம். தும்பைக்கும் பூளைக்கும் இதெல்லாம் தேவையில்லை. அவற்றை ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் என்று கலந்து, புரட்டாசி கடைசியில் மழை இறங்குவதற்குச் சற்று முன்னால் தூவினேன். மூடக் கூடாது. பொடி விதையை மண்ணில் புதைத்தால் முளைக்காது. கையால் லேசாகத் தட்டிவிட்டு, கோழி கிளறாமல் இருக்கக் கருவேல முள்ளை மேலே பரப்பினேன். மழை இல்லாத நாளில் பூவாளியால் தண்ணீர்.

நாய் இருக்கும் இடத்தில் எதை வைக்கக் கூடாது என்பதையும் யோசிக்க வேண்டும். மூலனூர் பக்கம் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு பயிர் செய்கிறார்கள். செங்காந்தள் என்று நாம் மாநில மலராக வைத்திருக்கும் அதே கொடிதான். அதைப்போல் அழகு வேறு இல்லை. ஆனால் கிழங்கு, விதை எல்லாமே கொடிய விஷம், மண்ணைத் தோண்டும் நாய் இருக்கும் வீட்டில் வேண்டாம். அரளியும் ஊமத்தையும் அப்படித்தான். எருக்கை வேலியோரம், அவள் படுக்கும் இடத்துக்கு எட்டத்தில் வைத்தேன். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கிளை வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். நெருஞ்சியைப் பாத்திக்குள் விடவில்லை. மூன்று பாதம் உள்ளவளுக்கு ஒரு பாதத்தில் முள் குத்தினால் நடை நின்றுவிடும்.

மழை பிடித்ததும் தும்பைதான் முந்திக்கொண்டது. மார்கழிக்குள் பாத்தி முழுக்க வெள்ளை. தும்பைப் பூவைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மேல் இதழ் மயிரடர்ந்து குல்லா போல வளைந்திருக்கும், கீழ் இதழ் நாக்கு நீட்டியது மாதிரி தொங்கும். தேனீ அந்த நாக்கில் இறங்கித் தலையை உள்ளே விடும்போது மேலே இருக்கும் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூவைப் பிடுங்கி அடிப்பக்கத்தை உறிஞ்சக் கற்றுக் கொடுத்தேன். ஒரு சொட்டுக்கும் குறைவான தித்திப்பு. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கேதான் வருகிறார்கள்.

எருக்கில் நடப்பது வேறு. வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி இலைக்கு ஒரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டையோடு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளோடு இருக்கும். இலையைத் தின்பதற்கு முன்னால் நரம்பைக் கடித்துப் பாலை வடிய விடும். அப்புறம்தான் சாப்பாடு. அந்த விஷம் புழுவின் உடம்பில் சேர்ந்துவிடுவதால் பறவைகள் அதை ஒதுக்கிவிடும். கூட்டுப்புழு இலைக்கு அடியில் பச்சை மணி போலத் தொங்கும், முட்டையிலிருந்து றெக்கை வரை ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். எருக்கம்பூவுக்கு வரும் கருவண்டின் சத்தத்தை செவலைக்குப் பிடிக்காது. காதை விறைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாயும் பாத்தியும் சேர்ந்துகொண்ட இடம் ஒன்று உண்டு. தினமும் சாயங்காலம் மாமாவின் காட்டுப்பக்கம் அவளை நடக்கக் கூட்டிப் போகிறேன். வந்ததும் திண்ணையில் உட்கார வைத்து உண்ணி பார்க்கும் வேலை. காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில், வால் அடியில் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். உண்ணியை நசுக்கக் கூடாது. தோலை ஒட்டினாற்போல் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்து, சோப்புக் கரைத்த தண்ணீர் டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சோற்றைத் தொடாது, ஈறு வெளுத்துப் போகும். அப்படித் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

அப்படி உரோமத்தைச் சீவும்போது உண்ணியைவிட அதிகம் கிடைத்தது விதை. நாயுருவி, ஒட்டுப்புல், கொழுக்கட்டைப் புல்லின் பஞ்சுக் கதிர், முள் உருண்டை ஒன்று. முதலில் எடுத்து வீசிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள், சரி, முளைக்கிறதா பார்ப்போம் என்று அகலமான மண்சட்டியில் மணலைப் பரப்பி, அவள் உடம்பிலிருந்து எடுத்ததையெல்லாம் அதிலேயே போட்டுவர ஆரம்பித்தேன். நாயுருவியின் விதையை வெயிலில் பிடித்துப் பாருங்கள்: நுனி கூர்மையான செதில்கள் கீழ்நோக்கி மடங்கி நிற்கும், ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் பிடித்துக்கொள்ளும். நடக்க முடியாத செடி ஊர் விட்டு ஊர் போவதற்கு வைத்திருக்கும் வழி அது. அதற்கு ஓர் உரோமம் வேண்டும், அந்த உரோமத்துக்கு உரியவள் காடு மேடு சுற்ற வேண்டும்.

அந்தச் சட்டியில் முளைத்தவற்றை நாலு இலை விட்டதும் பார்த்துப் பிரித்தேன். நாயுருவியில் ஒரு செடி மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கினேன், விட்டால் பாத்தியையே பிடித்துவிடும். கொழுக்கட்டைப் புல் இரண்டு தூர் வேலியோரம் போயிற்று. முள் உருண்டையிலிருந்து வந்தது ஒட்டுத்துத்தி. கைப்பிடி அகல இலை, மத்தியானத்துக்கு மேல் விரியும் சின்ன மஞ்சள் பூ. அதை நான் தேடிப் போய் எடுத்திருக்கவே மாட்டேன். சாகக் கிடந்தவள் என்று தூக்கி வந்த நாய் காட்டிலிருந்து எனக்குச் செடி கொண்டு வந்து தருகிறாள் என்று நினைக்கும்போது ஒவ்வொரு சாயங்காலமும் மனசு நிறைந்துபோகிறது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சீப்பை எடுத்தாலே அவளும் தானாக வந்து திண்ணையில் சாய்ந்துகொள்கிறாள்.

அணில் குட்டி வந்தது தென்னை மட்டை வெட்டியபோது. மரம் ஏறியவர் மேலிருந்தே, "அக்கா, கூடு ஒண்ணு வந்துருச்சுங்க. ரெண்டு குட்டி கெடக்குது பாருங்க" என்று கத்தினார். கண் திறக்காதவை, சுண்டுவிரல் நீளம், முதுகில் கோடு மட்டும் அப்போதே தெளிவாக இருந்தது. இப்படிக் கிடைத்தால் உடனே வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கூட்டின் நாரையே அட்டைப்பெட்டியில் போட்டு, குட்டிகளை வைத்து, அதே மரத்தில் ஆள் உயரத்தில் கட்டிவிட்டு எட்டப் போய் நின்றுவிட வேண்டும். மனுஷ வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் உண்மை இல்லை. கொஞ்ச நேரத்தில் தாய் வந்தது. ஒரு குட்டியை வயிற்றுப் பக்கம் கவ்வியது. குட்டி தாயின் கழுத்தைச் சுற்றிச் சுருண்டுகொண்டது. அடுத்த தென்னைக்குத் தாவிப் போயிற்று. இரண்டாவதுக்குத் திரும்பி வரவில்லை. பொழுது சாயும் வரை காக்கைகளை விரட்டிக்கொண்டு காத்திருந்துவிட்டுத்தான் எடுத்து வந்தேன். வனத்துறை அலுவலகத்துக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் பால். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் அது மறு பாதிக்கு நகர்ந்துகொள்ளும். துருக்கித் துண்டு விரிக்காதீர்கள், நகம் நூலில் மாட்டும். பழைய பருத்தி வேட்டிதான் நல்லது. பசும்பால் கொடுத்தால் வயிறு போகும். நாய்க்குட்டிக்கான பால் பவுடரைக் கரைத்து, ஒரு மில்லி சிரிஞ்சில், குட்டியை நிமிர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். மல்லாக்க வைத்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், பெரும்பாலான குட்டிகள் அப்படித்தான் செத்துப் போகின்றன. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் துடைத்தால்தான் மூத்திரம் போகும். தாய் நக்கி விடுவதற்குப் பதில் இது. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வைத்தேன். எடை ஏறுகிற வரை கவலை இல்லை.

அதற்குப் பெயர் வைக்கவில்லை, செவலையோடு பழகவும் விடவில்லை. வெளியே போகப் போகிற அணில் நாயைக் கண்டால் ஓடத்தான் வேண்டும். பல் வந்த பிறகு முருங்கைப்பூ, ஊற வைத்த வேர்க்கடலை, கொய்யாத் துண்டு. அணில் பால் மறக்கப் பத்து வாரம் போல ஆகும். அதற்கப்புறம் பெட்டியை வேம்பில் பத்தடி உயரத்தில் கட்டி, பூனை ஏறாமல் இருக்க மரத்தைச் சுற்றித் தகரம் அடித்து, கதவைத் திறந்து விட்டேன். சில நாள் ராத்திரி தூங்க மட்டும் வந்தது. அப்புறம் கடலைக்கு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. இப்போது வேம்பில் ஓடும் அணில்களில் எது அது என்று எனக்கு அடையாளம் தெரியாது. அடையாளம் தெரியாமல் போனதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் கொஞ்சமல்ல.

அணிலும் தெருநாயும் வேறு வேறு. நாய்க்கு நம்மைத் தவிர வேறு போக்கிடம் இல்லை, வைத்துக்கொள்ளலாம். காட்டுயிரை வைத்துக்கொள்ளக் கூடாது. கூண்டில் பச்சைக்கிளி, தொட்டியில் நட்சத்திர ஆமை என்று பாசத்தோடுதான் வளர்க்கிறார்கள், ஆனால் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டும் குற்றம். வழியில் ஆமையைப் பார்த்தால் அது போகும் திசையிலேயே ரோட்டைத் தாண்டி விட்டுவிட்டு வாருங்கள், போதும்.

பாத்தி ஆள் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தபோது பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏம் அம்மிணி, இப்படிக் காடாட்டம் விட்டு வெச்சா பாம்பு பூச்சி வராதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாம்பு பூவுக்கு வருவதில்லை. எலிக்கு வரும், தவளைக்கு வரும், ஒளிய இடம் இருந்தால் தங்கும். ஆகையால் சுவரோரமும் வீட்டோரமும் மூன்றடி அகலத்துக்கு வெறும் தரையாகச் செதுக்கி வைத்திருக்கிறேன். செங்கல், விறகு, ஓடு எதையும் தரையில் குவிப்பதில்லை. செவலையின் சோற்றுத் தட்டு ராத்திரி வெளியே இருக்காது. பாத்திக்கு நடுவே ஒரு நடைவழி, அதில் புல் வளர விடுவதில்லை. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் யாரும் போவதில்லை. பறவைக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுகிறேன், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு அதுவே போதும். இவ்வளவையும் கூட்டிப் போய்க் காட்டினேன். "என்னமோ சாமி, பாத்து இருந்துக்க" என்றார்.

அதே அம்மா போகியன்றைக்கு விடிகாலையிலேயே வந்துவிட்டார். கொங்கு நாட்டில் அன்றைக்குக் காப்புக் கட்டு. வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசல், கட்டுத்தறி, தோட்டம், கிணறு எல்லா இடத்திலும் செருக வேண்டும். முன்பெல்லாம் வீட்டை விட்டு இறங்கினால் காலடியில் கிடைத்த பூ, இப்போது சந்தையில் கட்டு கட்டாக விற்கிறார்கள். என் பாத்தியில் பூளை இடுப்புயரத்துக்கு வெள்ளைக் கதிர் விட்டு நின்றது. ஆவாரை முதல் வருடம் பூக்கவில்லை, இரண்டாம் வருடத்தில்தான் மஞ்சள் வந்தது. மடி நிறையப் பறித்துக்கொண்டவர், போகும்போது, "விதையும் கொஞ்சம் எடுத்து வையி அம்மிணி, எங்க சுவத்தோரமும் சும்மாதான் கெடக்குது" என்றார். விதைக்கென்று நாலு செடியைப் பறிக்காமல் விட வேண்டும் என்பதை அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன்.

செடிகள் காய்ந்த பிறகு எல்லாவற்றையும் அரித்து எடுப்பதில்லை. விதை கொட்டட்டும் என்று பங்குனி வரை நிற்க விட்டு, அப்புறம் ஒரு சாண் உயரத்துக்கு அரிவாளால் அறுத்து, அறுத்ததை அங்கேயே பரப்புகிறேன். வேரோடு பிடுங்கினால் மண் கிளறப்பட்டுப் பார்த்தீனியத்துக்குத்தான் வழி. விஷ்ணுகிரந்தி இன்னும் சட்டியில்தான் இருக்கிறது, முளைக்க ரொம்பத் தாமதம் பண்ணும் விதை. வேர் பிடித்ததும் நடைவழியின் ஓரத்தில், மற்ற செடி நிழல் படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

இந்த வருடம் மேற்குப் பக்கக் கம்பி வேலியை எடுத்துவிட்டுக் கிளுவைப் போத்து நடப்போகிறோம். கட்டைவிரலைவிடத் தடிமனாக, நாலடி நீளத்தில் வெட்டி, ஓரடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றினால் துளிர்த்துவிடும், காற்றுக்கும் தடுப்பு ஆயிற்று. மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். செவலையின் சட்டியில் போன மழைக்கு முளைத்த ஏதோ ஒரு கொடி இருக்கிறது, இலை இதய வடிவம், கிள்ளினால் பால் வருகிறது. வேலிப்பருத்தியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பூத்தால் தெரிந்துவிடும். அதுவாக இருந்தால் கிளுவையின் மேலேயே ஏற்றிவிடலாம், வெந்தய வரியனுக்கு அந்த இலையும் ஆகும்.